பல்லைப் பிடுங்கினால் போதுமா?

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் பழமொழி. பல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவை நன்கு அறிந்திருந்த நம் மக்கள், வாய்க்கும் உயிருக்கும் உள்ள உறவை மட்டும் ஏனோ அவ்வளவாக எண்ணிப் பார்க்கவில்லை. பல் வலித்தால் மருத்துவரிடம் செல்வது, பிடுங்கிக்கொண்டு திரும்புவது, அத்தோடு கவலை தீர்ந்தது என்று இருப்பது: இதுவே வழக்கம். பொதுமக்கள் இவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் பல் மருத்துவக் கல்வியே ஏறத்தாழ இந்த எண்ணத்தோடு நடைபெறுமானால் அது கவலைக்குரியது அல்லவா?

இவ்விதழைப் படிக்கும் நண்பர்களிற் பலர் பொறியியலும் விஞ்ஞானமும் கலைகளும் பயில்பவர்கள். "பல் மருத்துவர்களுக்கு எப்படிப் பயிற்சி அளித்தால் எங்களுக்கென்ன?" என்று அவர்கள் கேட்கலாம். வாய் எல்லோருக்கும் உண்டு என்பதே என் விடை. மேலும், நாம் இப்பொழுது வாழ்வது வெற்றிலைக்குப் பெயர் பெற்ற காசியில். இங்கே வாய் அறுவை மருத்துவத்தில் உறைவிடப் பயிற்சி பெறும் ஒருவன் என்ற முறையில், நாள்தோறும் கண்ணில் படுவதைக் கொண்டு சில கருத்துக்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் சிறிது வரலாறு. 1920-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது நிறுவிய கல்லூரியே நம் நாட்டின் முதற் பல் மருத்துவக் கல்லூரி. 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. அதன்படி பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது. இன்று நாட்டில் 300-க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பட்டப் படிப்பு, பயிற்சி ஆண்டையும் சேர்த்து 5 ஆண்டுகள். அதன்மேல் பட்ட மேற்படிப்பு 3 ஆண்டுகள். அம்மேற்படிப்பில் 9 பிரிவுகள் இருக்கின்றன. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை 2023-இல் நாடாளுமன்றம் இயற்றியது. பழைய அமைப்பு மாறும் இவ்வேளையில், பயிற்சியின் தன்மையைப் பற்றியும் சிந்திப்பது பொருத்தமே.

இனி நோயின் நிலையைப் பார்ப்போம். உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,43,000 பேருக்கு உதடு, வாய் ஆகியவற்றில் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80,000 பேர் அந்நோயால் மாண்டனர். நம் நாட்டு ஆண்களிடையே முதலிடம் பெறும் புற்றுநோய் இதுவே. இதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 2016-17-இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் புகையில்லாப் புகையிலையை மென்றும் அடக்கியும் பயன்படுத்தினர். புகையிலை மட்டுமன்று, தனிப் பாக்கே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறியது.

பாக்கு விளைவிக்கும் இன்னொரு கேடும் உண்டு. கன்னத்தின் உட்புறச் சவ்வின் கீழ் நார் நாராக இறுகி, வாய் திறக்க முடியாமற் போகும் நோய் அது. ஒருவருடைய மூன்று விரல்கள் நெடுக்காக அவர் வாயில் நுழைய வேண்டும்; அதுவே இயல்பு. இந்நோய் முற்றியவருக்கு ஒரு விரல்கூட நுழையாது. காரம் பட்டால் எரியும்; கவளம் எடுத்து உண்ண இயலாது. இருபது வயது இளைஞர்களும் இந்நிலையில் வருகிறார்கள் என்பதுதான் கொடுமை. இவர்களிற் சிலருக்குப் பின்னர் புற்றுநோயும் உண்டாகிறது. இறுகிய நாரை அறுவை மூலம் அறுத்து வாயைத் திறந்துவிடலாம். ஆனால் அவர் பாக்கை விடாவிட்டாலும், திறந்த வாயை நாள்தோறும் பயிற்சி செய்து காக்காவிட்டாலும், அறுத்த இடம் மீண்டும் இறுகிவிடும். ஆகவே இங்கே அறுவை என்பது மருத்துவத்தின் ஒரு பகுதியே, முழுமை அன்று.

இந்த உண்மையை நம் பயிற்சி முறை போதிய அளவு உணர்த்துகிறதா? இல்லை என்பதே என் கருத்து. வாய் ஒன்றுதான், ஆனால் அதைப் பார்க்கும் அறைகள் பல. வாய்நோய்த் துறை நோயாளியைப் பார்த்துப் படம் எடுக்கிறது. நோய்க்குறியியல் துறை, வெட்டி எடுத்த துணுக்கை நுண்பெருக்கியில் பார்க்கிறது. அறுவைத் துறை அறுக்கிறது. ஒவ்வொரு துறையும் தன் கடமையைச் செவ்வனே செய்யலாம். ஆனால் அத்துறைகளில் பயிலும் இளம் மருத்துவர், கதையின் ஓர் அத்தியாயத்தை மட்டுமே படித்துவிட்டு அடுத்த நூலை எடுத்துக்கொள்கிறார்.

அறுவைப் பயிற்சியில் இருப்போரிடையே எண்ணிக்கைக்குத் தனி மதிப்பு உண்டு. புதைந்த கடைவாய்ப் பற்கள் எத்தனை எடுத்தாய், தாடை எலும்பு முறிவுகள் எத்தனை கண்டாய் என்பதே மாலையில் எங்கள் பேச்சு. பயிற்சிக் குறிப்பேட்டிலும் அந்த எண்ணிக்கையே முதன்மை பெறுகிறது. "சென்ற மாதம் நீ அறுத்தவர் இப்பொழுது எப்படி இருக்கிறார்?" என்ற கேள்வி அருமையாகவே எழுகிறது. கைத்திறன் வேண்டாம் என்று நான் கூறவில்லை. கை நடுங்கும் அறுவை மருத்துவரை யாரும் விரும்பார். ஆனால் எப்பொழுது கத்தியை எடுப்பது, எப்பொழுது கீழே வைப்பது என்பதை அறியாத கைத்திறன் ஆபத்தானது.

சில எடுத்துக்காட்டுகளைக் கூறுகிறேன். தொண்டையிலோ வாயிலோ புற்றுநோய்க்காகக் கதிர் சிகிச்சை பெற்ற ஒருவர் பல்வலியோடு வருகிறார். கதிர் பட்ட தாடை எலும்புக்கு ஆறும் ஆற்றல் குறைவு. அதை அறியாமல் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது, எலும்பே அழுகக்கூடும். அதனால்தான் கதிர் சிகிச்சை தொடங்குமுன்பே பற்களைச் சோதித்து, வேண்டாதவற்றை எடுத்துவிட வேண்டும் என்கிறோம். எலும்புத் தேய்வுக்குச் சில மருந்துகள் உண்பவருக்கும் இத்தகைய ஆபத்து உண்டு. சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதவருக்குப் புண்ணில் கிருமி எளிதிற் பற்றும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்ணும் இருதய நோயாளியிடம், பல் எடுப்பதற்காக அம்மருந்தை நிறுத்தும்படி கண்டபடி சொன்னால், பல்லை எடுக்கப்போய் உயிரையே இழக்க நேரிடும்.

எல்லாவற்றிலும் கொடியது மற்றொன்று. ஆடும் பல்லுக்கு அருகில் ஒரு புண். வலிப்பது பல் என்று நோயாளி சொல்கிறார். மருத்துவரும் பல்லை எடுத்து அனுப்பிவிடுகிறார். பல் இருந்த குழி வாரக்கணக்கில் ஆறவில்லை. நோயாளி வேறொருவரிடம் செல்கிறார், மருந்து மாறுகிறது, மாதங்கள் ஓடுகின்றன. இறுதியில் அது புற்றுநோய் என்று தெரியும்போது தாடையின் பாதியை இழக்கும் நிலை வந்துவிடுகிறது. காரணத்தை நீக்கிய பின்னும் இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண் எதுவாயினும் துணுக்கெடுத்துச் சோதிக்க வேண்டும். இது பாடநூலில் உள்ள விதிதான். எனினும் அது மாணவருடைய இரத்தத்தில் ஊற வேண்டுமானால், அவரே புண்ணைக் கண்டு, அவரே துணுக்கெடுத்து, அவரே அதை நுண்பெருக்கியில் பார்த்து, அவரே முடிவை நோயாளிக்குச் சொல்லிப் பழக வேண்டும்.

துறைகள் கூடிப் பணியாற்ற முடியுமா என்று ஐயுறுவோருக்கு 2021-ஆம் ஆண்டே விடை கூறும். கொரோனாவின் இரண்டாம் அலையை அடுத்துக் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியது. ஜூன் மாத இறுதிக்குள் நாடெங்கும் 40,000-க்கு மேற்பட்டோரை அது பற்றிவிட்டது. மேல்தாடையையும் கண்ணையும் அரித்துச் செல்லும் அந்நோயை எதிர்க்க, காது மூக்குத் தொண்டை மருத்துவரும், கண் மருத்துவரும், வாய் அறுவை மருத்துவரும், நீரிழிவு மருத்துவரும் தோளோடு தோள் நின்றனர். நெருக்கடியில் இயன்றது, அமைதிக் காலத்தில் ஏன் இயலாது?

கண்ணுக்குப் பயிற்சி அளிப்பதால் என்ன பயன் விளையும் என்பதற்குத் திருவனந்தபுரம் சான்று. அங்கே 1996 முதல் நடந்த ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைச் சோதித்தனர். பெருங்கருவி எதுவும் அவர்கள் கையில் இல்லை. வெறும் கண்பார்வைச் சோதனைதான். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது என்று 2005-இல் அதன் முடிவு வெளியாயிற்று. சுகாதாரப் பணியாளரால் இது கூடுமானால், எட்டு ஆண்டுகள் பயிலும் நம்மால் கூடாதா?

"மூன்றே ஆண்டுகள், அறுவையைக் கற்கவே நேரம் போதவில்லை, இதில் நோய் மேலாண்மையும் சேர்ந்தால் இரண்டும் அரைகுறையாகும்" என்று சிலர் தடை கூறுவர். இத்தடையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நான் புதிய பாடத்தைச் சேர்க்கச் சொல்லவில்லை. உள்ள பாடத்தை இணைக்கச் சொல்கிறேன். பிற துறைகளுக்குச் சென்று சில வாரங்கள் பயில வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே உள்ளது. அவ்வாரங்கள் வருகைப் பதிவோடு முடிவதும், உண்மைப் பயிற்சியாவதும் ஆசிரியரையும் மாணவரையும் பொறுத்தவை. "நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவர் வாயையும் முழுமையாகச் சோதிக்க முடியுமா?" என்றும் கேட்பர். ஒரு விளக்கு, ஒரு கண்ணாடி, இரண்டு நிமிடம்: இவை போதும். நாக்கின் பக்கங்களையும் கன்னத்தையும் நாக்கின் அடியையும் பார்த்து, கழுத்தைத் தொட்டுப் பார்க்க இதற்குமேல் வேண்டியதில்லை.

ஆகவே நான் வேண்டுவன நான்கு. முதலாவது, வாரம் ஒருநாளேனும் அறுவை, வாய்நோய், நோய்க்குறியியல் ஆகிய மூன்று துறைப் பயிற்சி மருத்துவர்களும் ஒரே அறையில் அமர்ந்து ஒரே நோயாளியைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் குறிப்பிட்ட சில நோயாளிகளை மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். குறிப்பேட்டில் அறுவையின் எண்ணிக்கையோடு அறுவையின் பின்விளைவும் இடம்பெற வேண்டும். மூன்றாவது, புகையிலையையும் பாக்கையும் விடச்செய்யும் முறையை ஒரு மருத்துவத் திறனாகவே கற்பித்துத் தேர்வும் வைக்க வேண்டும். நான்காவது, நோயாளியின் மொழியை அறிய வேண்டும்.

இந்த நான்காவது, நம் போன்ற தமிழ் மாணவர்க்கு மிகவும் உரியது. "புகையிலை போடுவதுண்டா?" என்று நான் புத்தக இந்தியில் கேட்டபோது இல்லை என்று தலையசைத்த மூதாட்டி ஒருவர், "சுர்த்தியா, குல்லா?" என்று உடனிருந்த செவிலியர் போஜ்புரியில் கேட்டதும், காலையும் மாலையும் குல் தேய்ப்பதாக மகிழ்ச்சியோடு சொன்னார். குல் என்பது கரித்த புகையிலைத் தூள். அவருக்கு அது பற்பொடி, புகையிலை அன்று! அவர் பொய் சொல்லவில்லை. என் கேள்விதான் அவர் வாழ்க்கையைத் தொடவில்லை. எக்ஸ்ரே காட்டாத செய்தியை ஒரு சொல் காட்டிவிடுகிறது. எனவே இங்கே மருத்துவம் பயில வரும் தமிழ்த் தோழர்கள் வட்டார மொழியைக் கடைவீதிக்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்ளலாகாது.

பல்லை எடுப்பது சில நிமிட வேலை. அதற்குமுன் பார்க்க வேண்டியதைப் பார்ப்பதும், கேட்க வேண்டியதைக் கேட்பதும், பின்னர் நோயாளியை மறவாதிருப்பதுமே மருத்துவம். கைக்கு அளிக்கும் பயிற்சியைக் கண்ணுக்கும் காதுக்கும் அளிக்கும் கல்லூரிகள் பெருக வேண்டும். அவற்றை வேண்டிக் குரல் கொடுக்கும் பொறுப்பு, பயிலும் எங்களுக்கும் உண்டு. நாளை எங்கள் நாற்காலியில் வந்து அமரப்போகும் உங்களுக்கும் உண்டு.