வெள்ளரிக்காய் விஞ்ஞானியைக் கண்டு சிரிப்பவர்களுக்கு

1726இல் வெளிவந்த ஜொனதன் சுவிப்டின் ‘கலிவரின் பயணங்கள்’ நூலின் மூன்றாம் பாகத்தில், லகாடோ நகரத்து ஆராய்ச்சிக் கழகம் ஒன்று வருகிறது. அங்கே ஒருவர் எட்டு வருடங்களாக வெள்ளரிக்காயிலிருந்து சூரியக் கதிரைப் பிரித்தெடுக்கப் பாடுபடுகிறார். அதைக் குப்பியில் அடைத்து, குளிரடிக்கும் கோடையில் திறந்துவிட்டுக் காற்றைச் சூடாக்குவது அவரது திட்டம். கரிபடிந்த முகம், பொசுங்கிய தாடி. நம் கதைகளில் வரும் பைத்தியக்கார விஞ்ஞானிகளுக்கெல்லாம் இவர்தான் மூத்தவாப்பா.

சிரிக்கலாம். ஆனால் எதற்குச் சிரிக்கிறோம்?

கேள்விக்கென்றால் அது அறியாமை. வெளிச்சத்தில்தான் பச்சை இலைகள் ஒட்சிசனை வெளிவிடுகின்றன என்று 1779இல் இங்கன்ஹவுஸ் காட்டினார். தாவரங்கள் சூரிய ஒளியின் சக்தியை இரசாயனச் சக்தியாகச் சேமிக்கின்றன என்று 1845இல் றொபேட் மேயர் எழுதினார். ஒளித்தொகுப்பு என்று இன்று நம் பிள்ளைகள் விடைத்தாளில் எழுதிப் புள்ளி வாங்குவது இதைத்தான். வெள்ளரிக்காய்க்குள் வெயில் இருக்கிறது. 100 கிராமில் சுமார் 15 கிலோகலோரி.

இன்னொன்று. காந்தத்தால் தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்ட அந்திரே கெய்முக்கு 2000ஆம் ஆண்டு ‘இக் நோபல்’ என்ற கேலிப் பரிசு கிடைத்தது. 2010இல் அதே மனிதருக்கு, ஒட்டும் நாடாவால் காரீயத்தை உரித்து ஓரணுத் தடிப்புள்ள கிரபீனைப் பெற்று ஆராய்ந்ததற்காக, உண்மையான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கேலி செய்தவர்கள் என்ன செய்வார்கள்?

சுவிப்டின் கோபத்துக்கு நியாயமான இடமும் உண்டு. அந்த நாட்டில் வயல்கள் தரிசாகக் கிடக்கின்றன. வீடுகள் இடிந்து கிடக்கின்றன. சனங்களுக்குச் சோறும் துணியும் இல்லை. திட்டக்காரர்களோ நாளைக்குச் சொர்க்கம் என்கிறார்கள். நம் வெள்ளரிக்காய்க்காரரும் இன்னும் எட்டு வருடம் கேட்கிறார். காய் விலை ஏறிவிட்டதென்று கலிவரிடமே கைநீட்டுகிறார். பொய் வாக்குறுதிக்கும் கணக்குக் காட்டாத காசுக்கும் சிரிக்கத்தான் வேண்டும்.

நம் எழுத்தாளர்களோ தரிசு வயலை விட்டுவிட்டுப் பொசுங்கிய தாடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதன் பலனை வகுப்பறையில் காணலாம். ஒரு பிள்ளை ‘விசர்க் கேள்வி’ கேட்கிறது, வகுப்பே சிரிக்கிறது, ஆசிரியரும் சேர்ந்து சிரிக்கிறார். அந்தப் பிள்ளை அடுத்த தவணையில் கையுயர்த்தாது. இனி விஞ்ஞானியைக் கதையில் கோமாளியாக்க நினைப்பவர், அந்தப் பிள்ளையும் வாசகர்தான் என்பதை நினைத்துக்கொண்டு எழுதட்டும்.