ஒளியை நாடும் பிள்ளையைத் தடுக்கலாமா?



சென்ற தவணையில் எமது தமிழ் வகுப்பில் "நான் கற்க விரும்பும் துறை" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். மருத்துவம், சட்டம், கணக்கியல் எனப் பலரும் எழுத, ஒரு மாணவன் மட்டும் ஒளிபட்டு இயங்கும் குறைகடத்தி நுண்துகள்களை ஆராய விரும்புவதாக எழுதியிருந்தான். அதனை அவனுடைய தந்தையாரிடம் காட்டினேன். "இதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது, மாஸ்ரர்?" என்று கேட்டார். இரவு வேலை முடித்து, உறங்காமலே பிள்ளையை மிசிசாகாவில் தமிழ் வகுப்புக்கு அழைத்துவரும் தந்தை அவர். அவருடைய கேள்வியில் நியாயம் உண்டு. ஆகவே விடையையும் நியாயமாகவே கூற விழைகின்றேன்.

குறைகடத்தியொன்றில் இலத்திரன் ஒளியைப் பெற்று மேல்நிலைக்குத் தாவுவதற்குக் கடக்கவேண்டிய சத்தி இடைவெளி ஒன்று உண்டு. அப்பொருள் எந்த ஒளியை உறிஞ்சும், எந்த நிறத்தில் ஒளிரும் என்பதை அவ்விடைவெளியே தீர்மானிக்கின்றது. பொருளை ஒருசில நனோமீற்றர் அளவுக்குச் சிறிதாக்கினால் இலத்திரன் நெருக்குண்டு, இடைவெளி விரிகின்றது. நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கட்மியம் செலனைடுத் துகள் சற்றுப் பெரிதாயின் சிவப்பாகவும், மிகச் சிறிதாயின் நீலமாகவும் ஒளிரும். பொருள் ஒன்றே, பருமன் மாற நிறமும் மாறுகின்றது.

இத்தகைய குவாண்டம் புள்ளிகளுக்காக எக்கிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. இவர்களுள் பவெண்டி, பல்கலைக்கழகத்தில் எழுதிய முதலாவது இரசாயனவியற் பரீட்சையில் நூற்றுக்கு இருபது புள்ளிகளே பெற்றதாகத் தாமே கூறியுள்ளார். மாணவர்கள் இதனை நினைவில் வைத்தல் நன்று.

இவ்வாய்வு எமக்குத் தொலைவில் நிகழ்ந்ததும் அன்று. 2005இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் சார்ஜன்ற் தலைமையிலான குழுவினர், ஈய சல்பைடுப் புள்ளிகளைக் கரைசலாகப் பூசி, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியிலிருந்தும் மின்சாரம் பெறலாம் எனக் காட்டினர்.

எம்மவரும் இத்துறையில் உளர். சாவகச்சேரியிற் பிறந்து, பேராதனையில் பௌதிகம் பயின்று, சிக்காகோ சென்ற பேராசிரியர் சிவலிங்கம் சிவானந்தன், இரசம், கட்மியம், தெலூரியம் சேர்ந்த மென்படலங்களை வளர்த்து அகச்சிவப்பு உணரிகளை உருவாக்குவதில் உலகப் புகழ் பெற்றவர். அங்கே கலவையின் விகிதத்தை மாற்றிச் சத்தி இடைவெளியை மாற்றுகின்றனர். 2013இல் வெள்ளை மாளிகை அவரைக் கௌரவித்தது.

இனித் தந்தையாரின் கேள்விக்கு வருவோம். இவ்வறிவு தொலைக்காட்சித் திரையிலும், சூரிய மின்கலத்திலும், மருத்துவக் கருவிகளிலும் பயன்படுகின்றது. அத்தொழில்களுக்கு இதனைக் கற்றோர் வேண்டும். கனடாவில் அறிவியற் துறைகளில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்வோருக்குப் பொதுவாக உதவித்தொகையும் கிடைக்கின்றது. பாதை நீண்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது மூடிய பாதை அன்று.

1990களில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், போத்தல் விளக்கில் பௌதிகம் படித்தவன் நான். மண்ணெண்ணெய் அரிதாகையால் திரியைத் தாழ்த்தி வைத்தே ஒளியியலைப் படித்தோம். ஆய்வு செய்யும் ஆசை எனக்கும் இருந்தது. போர் அதனைத் தடுத்தது. ஆசிரியனானேன், பின்னர் அகதியானேன். இன்று இந்தப் பிள்ளையைத் தடுப்பதற்குப் போர் இல்லை. எமது அச்சம் ஒன்றே உள்ளது.

பெற்றோர்களே, "என்ன வேலை?" என்று கேட்குமுன், "அது என்ன, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். பிள்ளை தமிழிலேயே விளக்குவான். குறைகடத்தி, இலத்திரன், சத்தி இடைவெளி ஆகிய சொற்களை வகுப்பில் அவனுக்குக் கொடுத்திருக்கின்றோம். அவற்றை வீட்டிற் கேட்பதற்கு ஒருவர் வேண்டும்.