கண்ணழித்தலும் அகலங்கூறலும்: புலிமான்கோம்பை நடுகல் வாசிப்பை முன்வைத்து

பொருள் உரைக்கும் செயலைச் சுட்ட இன்று ‘விளக்கம்’ என்னும் ஒரு சொல்லே பெருவழக்காக உள்ளது. தொடரைப் பிரித்துச் சொற்பொருள் கூறுவதும் விளக்கம்; ஆய்வாளர் தம் ஊகத்தை எழுதுவதும் விளக்கம். பழைய உரைமரபு இவ்விரண்டையும் ஒரு பெயரால் அழைக்கவில்லை. அம்மரபின் ‘கண்ணழித்தல்’ என்னும் கலைச்சொல் கல்வெட்டாய்வில் மீண்டும் ஆளப்பெற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. தேனி மாவட்டத்து நடுகல் ஒன்று அதன் தேவையை உணர்த்துகிறது.

உரையின் நால்வகை

இறையனார் களவியலுரை, நூற்பாவிற்கு உரை கூறும் முறையைக் கருத்துரைத்தல், கண்ணழித்தல், பொழிப்புத் திரட்டல், அகலங்கூறல் என நான்காகப் பகுக்கிறது. கருத்து, நூற்பா நுதலியதைச் சொல்வது. பொழிப்பு, திரண்ட பொருளைத் தருவது. அகலம், வினா விடைகளாலும் பிற செய்திகளாலும் விரிப்பது. கண்ணழித்தலோ சொல்தோறும் பிரித்துப் பொருள் உரைப்பது. பிற்காலத்தில் ‘பதவுரை’ என வழங்குவது இதனை ஒத்ததே. ‘கண்’ என்பதற்குக் கணு என்ற பொருளும் உண்டு. தொடரைச் சொற்கள் கூடும் கணுக்களில் பிரிப்பது என இக்கலைச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம். அங்ஙனம் கொண்டால், தொடரில் உள்ளதற்கு மட்டுமே பொருள் கூறும் வரம்பும் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கக் காணலாம்.

கல் சொல்வதும் நாம் சொல்வதும்

ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என வாசிக்கப்பட்டுள்ளது. கூடலூரில் நிகழ்ந்த ஆநிரை கவர்தலில் இறந்துபட்ட, பேடு என்னும் ஊரினனான தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்பது பரவலாக வழங்கும் விளக்கம்.

இத்தொடரைக் கண்ணழித்தால் எஞ்சுபவை ஏழு சொற்கள், அனைத்தும் பெயர்கள். வினைமுற்றோ வேற்றுமை உருபோ இல்லை. ‘இறந்துபட்ட’ என்பது நடுகல் மரபு நோக்கி நாம் வருவிப்பது. பேடு ஊர்ப்பெயர் என்பது ஆய்வாளர் துணிவு. அந்தவன் நிரை கவரச் சென்றவனா, மீட்கச் சென்றவனா என்பதையும் கல் கூறவில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல் ஆகோளை வெட்சித் துறைகளுள் வைத்தலின் அவனைக் கவர்ந்தவனாகக் கொள்வது அகலமேயன்றிக் கண்ணழிவு அன்று.

கூடலூரின் நிலையும் இதுவே. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் கூடலூர் என்னும் ஊர் இன்றும் உள்ளது. கல் கிடைத்த இடமும் அவ்வூரும் ஒரே மாவட்டத்தில் அமைதலின் இரண்டையும் இணைத்தல் இயல்பே. ஆயினும் கூடல் என்பது ஆறுகள் கூடுமிடத்தைக் குறிக்கும் பொதுப்பெயர். மதுரைக்கும் அது பெயர். கூடலூர் எனும் பெயருடைய ஊர்களும் தமிழகத்தில் பல. ஆகவே இவ்விணைப்பு ஆராயத்தக்க கருதுகோள். கல்லின் சொற்பொருள் அன்று. இவ்வேறுபாட்டைக் காட்டாது எழுதினால், இன்றைய கருதுகோளை நாளைய ஆய்வாளர் சான்றாக எடுத்தாள்வர். பள்ளத்தாக்கின் பழைய வரலாறு அவ்வாறு எழுதப்படுமாயின் அதன் அடிப்படை கல்லில் இராது.

அகலம் வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. இலக்கண நூலில் துறைப்பெயராக நிற்கும் ஆகோள், ஒரு வீரனின் கல்லிலும் நிற்கிறது என்பதைக் காட்டி, அதன் பயனை உணர்த்துவது அகலமே. இலக்கியத்தையும் தொல்லியலையும் இணைக்கும் பாலம் அது. கண்ணழிவின்மேல் அமையும்போதுதான் அப்பாலம் உறுதி பெறும்.

முடிவு

கல்வெட்டுப் பதிப்புகளில் பாடம், கண்ணழிவு, பொழிப்பு, அகலம் ஆகியன தனித்தனியே தரப்பெறுதல் வேண்டும். பொழிப்பில் வருவித்த சொற்கள் அடைப்புக்குறியுள் அமைதல் நன்று. ‘விளக்கம்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் யாவற்றையும் கலந்து தருவது, கற்போர் கல்லின் கூற்றையும் ஆய்வாளர் கூற்றையும் பிரித்தறிய இயலாது செய்துவிடும்.