உப்பைக் குறைக்க ஒரு சின்ன வாத்தியார்!

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே! ஊர் அறிந்த பழமொழி இது.

உப்பு மிஞ்சினால்? ரத்தக் கொதிப்பு வரும். அதை அடுத்து பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு என்று ஒவ்வொன்றாக வாசலில் வந்து நிற்கும்.

நெல்லைக்கு வடக்கே, மதுரை ரோட்டில் இருக்கிறது கங்கைகொண்டான். ஒரு பக்கம் வயல். மறு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. உப்பு விளையும் தூத்துக்குடி பக்கத்து மாவட்டம்தான். பழைய சோற்றுக்கு ஊறுகாய், மோர் மிளகாய். குழம்பில் கருவாடு. ரசத்துக்கு அப்பளம். டீக்கு மிக்சர். எல்லாவற்றிலும் உப்பு!

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன் அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-18-ல் நடத்திய நாடு தழுவிய ஆய்வில் தெரிந்த சராசரி 8 கிராம். ஆண்கள் 9 கிராமை நெருங்கி விட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த கணக்கு இன்னும் திடுக்கிட வைக்கிறது. பெரியவர்களில் 100-க்கு 34 பேருக்கு ரத்தக் கொதிப்பு. அப்படி நோய் உள்ளவர்களில், அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 100-க்கு 7 பேர்தான்.

2021-ல் "மக்களைத் தேடி மருத்துவம்" வந்தது. மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். ஆனால், அடுப்படிக்குள் போய் உப்பு அள்ளும் கையைப் பிடிப்பது யார்?

பள்ளிக்கூடத்துப் பிள்ளை பிடிக்கும்!

சீனாவில் செய்து பார்த்தார்கள்

சீனாவில் 3 மாகாணங்களில் 54 தொடக்கப் பள்ளிகளில் இது நடந்தது. 8, 9 வயதுப் பிள்ளைகளுக்கு செல்போன் செயலி வழியாக உப்புப் பாடம். வீட்டில் எவ்வளவு உப்பு செலவாகிறது என்று கணக்குப் போட வேண்டும். அதைக் குறைக்க ஒரு இலக்கு வைக்க வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

ஓர் ஆண்டு கழித்து சோதித்தார்கள். பாடம் நடக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டால், வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் உப்பு நாளுக்கு 0.82 கிராம் குறைந்திருந்தது. ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்கியது. முடிவு 2022-ல் வெளியானது. பிள்ளைகளிடம் மட்டும் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

அதற்கு முன்பே, 2011-ல், அதே நாட்டில் சாங்ஜி நகரில் செல்போன் இல்லாமல் ஆசிரியர்களே பாடம் நடத்தினார்கள். அங்கே பெரியவர்களுக்கு ஏறக்குறைய 3 கிராம், பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 2 கிராம் குறைந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. போன் தூது போகும். வாத்தியார் சொன்னால்தான் பிள்ளை கேட்கும்!

இங்கே செய்ய என்ன தடை?

கொரோனா காலத்தில் பாடமே போன் வழியாகத்தான் வந்தது. 2024-ல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு டேப்லெட் கொடுத்தது. புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

உப்பு பாக்கெட்டை வெட்டிய தேதியை அதன் மேலேயே பிள்ளை எழுதட்டும். தீர்ந்த தேதியை அம்மாவின் போனில் இருந்து வாத்தியாருக்கு அனுப்பட்டும். போன் இல்லாத வீடா? நோட்டில் எழுதினால் போதும்.

பெரியவர்கள் 4 பேர் உள்ள வீட்டில், ஆளுக்கு 5 கிராம் என்றால் 1 கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஒரே மாதத்தில் காலி என்றால் ஆளுக்கு 8 கிராம் உள்ளே போகிறது. கடை மிக்சரும் ஊறுகாயும் இந்தக் கணக்கில் வராது. அது தனி!

பழியை அம்மா தலையில் போடக் கூடாது. "உப்பு பத்தலை" என்று தட்டைத் தள்ளுகிறவர் அப்பாவாகவும் இருப்பார். பாடம் அவருக்கும் சேர்த்துத்தான். இன்னொன்று. உப்பைக் குறைத்தோம் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தி விடக் கூடாது. உப்பு, அயோடின் கலந்ததாகவே இருக்க வேண்டும்.

கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் ஒன்றாக உட்கார்ந்து பேசட்டும். கங்கைகொண்டான் வட்டாரப் பள்ளிகளில் ஓர் ஆண்டு நடத்திப் பார்க்கட்டும். தொடங்கும்போதும் முடியும்போதும் பெற்றோரின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கட்டும். பலன் தெரிந்தால் மாநிலம் முழுவதும் கொண்டு போகலாம்.

இன்று ராத்திரி சாப்பாட்டில் ஊறுகாயைத் தள்ளி வைக்க மட்டும் அரசு உத்தரவு வேண்டாம்!