குப்பையா? காயலான் கடைச் சரக்கா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

எங்கள் வகுப்பில் ஒரு குறிப்பேடு உலவுகிறது. முன்பு படித்த அண்ணன் ஒருவர் எழுதியது. அதைப் படியெடுத்தவரிடமிருந்து நான் படியெடுத்தேன். பாடநூல் வாங்க இயலாதவர்க்கு அதுவே வேதம். அதன் மரபியல் பகுதியில் ஒரு வரி: "மனித டி.என்.ஏ.வில் புரதம் ஆக்கும் பகுதி சுமார் 1.5 சதவீதம். ஏனையவை குப்பை." இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இது போதும். நானும் எழுதினேன், இரண்டும் கிடைத்தது. இருந்தும் அந்த வரியை அடித்துவிட வேண்டும் என்பதே என் கட்சி.

என் தந்தை சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று பழைய இரும்பும் தகரமும் வாங்கிக் காயலான் கடையில் போடுகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விடுமுறையில் ஒரு நாள், "என்னடா படிக்கிறே?" என்றார். மேற்படி வரியைச் சொன்னேன். "குப்பைன்னா வெளியே கொட்டியிருக்குமே. ஏன் வச்சிருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

நூலகத்தில் தேடியபோது வியப்பு! சிட்னி பிரென்னர் என்ற நோபல் அறிஞரும் இதையே சொல்லியிருக்கிறார். தூக்கி எறிவது 'கார்பேஜ்'. எறியாமல் வைத்திருப்பது 'ஜங்க்'. 1972-இல் சுசுமு ஓனோ பரப்பிய சொல் 'ஜங்க்'தான். அதைக் குப்பை என்று பெயர்த்தது நம் பிழை. காயலான் கடைச் சரக்கு என்பதே பொருந்தும்.

இச்சரக்கு எப்படிக் குவிந்தது? 2001-இல் மனித மரபுத் தொகுதியின் முதல் வரைவு வந்தபோது, அதில் ஏறத்தாழ 45 சதவீதம் இடம்விட்டு இடம் தாவும் கூறுகளும் அவற்றின் எச்சங்களும் என்று கண்டார்கள். தாவல் உண்டென்பதை மக்காச்சோள மணிகளின் நிறத்தை வைத்து 1940-களிலேயே கண்டறிந்தவர் பார்பரா மெக்ளின்டாக் அம்மையார். நோபல் பரிசு வந்தது 1983-இல், அவரது 81-ஆம் வயதில்.

நம் உடலில் உள்ளவை பெரும்பாலும் படியெடுத்துப் பெருகியவை. லைன்-1 என்பது சுமார் 6,000 எழுத்து நீளம். தன்னை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, அதை மீண்டும் டி.என்.ஏ. ஆக்கி, வேறோர் இடத்தில் செருகிவிடும். மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும்; பிரதி பெருகும். எங்கள் குறிப்பேட்டைப் போலத்தான்! படியெடுக்கையில் பாதி விடுபட்டும் எழுத்துப் பிழைபட்டும் போனதால், ஐந்து லட்சம் பிரதிகளில் இன்று தாவ வல்லவை நூறு அளவே. ஆலு என்ற 300 எழுத்துத் துணுக்கோ சொந்தக் கருவி ஏதுமின்றி, லைன்-1-இன் கருவியை இரவல் வாங்கியே பத்து லட்சத்துக்கு மேல் பெருகிவிட்டது.

என்னை உலுக்கியது நஞ்சுக்கொடியின் கதை. நம் மரபுத் தொகுதியில் 8 சதவீதம் பண்டைய ரெட்ரோவைரஸ்களின் எச்சம். உயிரணுவோடு ஒட்டி இணைவதற்கு வைரஸ் ஒரு புரதம் வைத்திருக்கும். அத்தகைய ஒன்று, சின்சிட்டின் என்ற பெயரில், இன்று நஞ்சுக்கொடியின் உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைத்துத் தாய்க்கும் சேய்க்கும் இடையே படலம் அமைக்கிறது. இது 2000-இல் வெளியான செய்தி. எலியிலும் இதே வேலைக்கு ஒரு சின்சிட்டின் உண்டு. ஆனால் அது வேறொரு வைரஸ் விட்டுச்சென்றது. முயலும் மாடும் நாயும் தனித்தனியே பெற்றிருக்கின்றன. அந்த ஜீனை நீக்கிய எலிக் கருக்கள் பிறக்காமலே மடிந்தன என்று 2009-இல் காட்டினார்கள். நோய் தந்த வைரஸின் ஆயுதத்தால் அல்லவா தாயின் வயிற்றில் நாம் உயிர் பிழைத்தோம்! இதையா குப்பை என்று எழுதினேன்?

அதற்காக அனைத்தும் பொக்கிஷம் என்று துள்ளுவோர் பக்கமும் நான் இல்லை. 2012-இல் என்கோடு திட்டத்தார் 80 சதவீதத்துக்குச் செயல் உண்டு என்றார்கள், கண்டனங்கள் குவிந்தன. வெங்காயத்தின் மரபுத் தொகுதி நம்முடையதைப் போல் ஐந்து மடங்கு. அத்தனையும் பயனுள்ளது என்றால் வெங்காயத்துக்கு எதற்கு அவ்வளவு? தந்தையைக் கேட்டால், போட்ட சாமானில் ஒன்றிரண்டுதான் திரும்பவும் உதவும், மீதி துருப்பிடிக்கும், சில காலைக் கிழிக்கும் என்பார். கிழித்ததும் உண்டு. 1988-இல் இரத்தம் உறையாமை நோயாளிகள் 240 பேரை ஆராய்ந்ததில், இருவருக்கு உறைதற் காரணி எட்டின் ஜீனுக்குள் லைன்-1 புதிதாகப் பாய்ந்திருந்தது. பெற்றோரிடம் அது அவ்விடத்தில் இல்லை.

நமக்கு வால் இல்லாமைக்கும் ஒரு ஆலுத் துணுக்கே காரணம் ஆகலாம் என்று 2024-இல் ஒரு குழு எலிகளை வைத்துக் காட்டியது. வாலிழந்த எலிகள் சிலவற்றில் முதுகுத்தண்டுக் குறையும் தோன்றியதாம். வால் போனதும் இலவசமாகப் போகவில்லை போலும்.

அடுத்த ஆண்டு என் குறிப்பேடு இளைய மாணவர் கைக்குப் போகிறது. அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் நஞ்சுக்கொடியைப் பற்றி நான்கு வரி எழுதி வைத்திருக்கிறேன். இடம் போதாமையால் எழுத்து சற்றுப் பொடி, படியெடுப்போர் பொறுத்தருள்க.