பைக்குக் காவல் இருப்போர்

கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு செல்லும் முதியவருக்கு அங்கே ஒதுக்கப்படும் வேலை ஒன்றே ஒன்றுதான் என்பதும், மற்றவர்கள் ராட்டினம் ஏறி இறங்கும் வரை பைகளுக்கும் செருப்புகளுக்கும் கைப்பேசிகளுக்கும் காவல் இருப்பதே அந்த வேலை என்பதும் இவ்வாரம் இப்பத்திக்கு மீண்டும் சினத்தை மூட்டியுள்ளன. விடுமுறை நெருங்கியதும் போளூரிலிருந்து ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் வழியாகச் சென்னைப் பக்கத்துப் பூங்காக்களுக்கு வேன் பேசிக்கொண்டு விடியற்காலையில் புறப்படும் குடும்பங்கள் பெருகிவிட்டன. வேனுக்கு ஒரு தாத்தாவோ ஆயாவோ உடன் செல்கிறார். பூங்காவுக்குள் நுழைந்து முதல் ராட்டினத்தின் வரிசையைக் கண்டவுடனேயே, "ஆயா, நீ இங்கயே நெழல்ல குந்து, பையைப் பாத்துக்கோ" என்று அன்பாகத்தான் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் ஓடுகின்றனர். "நீயும் வர்றியா?" என்னும் கேள்வி யார் வாயிலிருந்தும் எழுவதில்லை. ‘வயதுக்கேற்ற’ என்னும் சொல்லுக்கு எதிராக இப்பத்தி நெடுநாளாக நடத்திவரும் வழக்கை அறிந்த வாசகர்களுக்கு இச்சினத்தின் வேரை விளக்க வேண்டியதில்லை. வயதுக்கேற்ற உடை, வயதுக்கேற்ற உணவு, வயதுக்கேற்ற பேச்சு என்று நீண்டுகொண்டே வந்த பட்டியலில் வயதுக்கேற்ற அச்சமும் இப்போது சேர்ந்துவிட்டது. நோய்க்கும் மருந்துச் செலவுக்கும் தனிமைக்கும் முதியவர் அஞ்சலாம், ஆனால் விரும்பி அஞ்சி, அஞ்சியதில் மகிழ அவருக்கு உரிமையில்லை என்பதே அதன் பொருள்.

திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காதான் இப்போது வேன்கள் பெரிதும் நாடும் இடம். 1995இல் தாம்பரத்துக்கு அருகே நவோதயா அப்பச்சன் தொடங்கிய கிஷ்கிந்தாவையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வி.ஜி.பி., எம்.ஜி.எம். பூங்காக்களையும் கண்டு வளர்ந்த தலைமுறைக்குப் புதிதாகத் தோன்றுவது அங்குள்ள ‘தஞ்சோரா’ என்னும் ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்டு மபிலார்டு நிறுவனம் வடிவமைத்த இது தொங்குவகையைச் சேர்ந்தது. அதாவது பெட்டிகள் தண்டவாளத்தின் மேல் ஓடாமல் அதன் அடியில் தொங்கியபடி ஓடுகின்றன, அமர்ந்திருப்போரின் கால்கள் தரை தொடாமல் வெளியில் ஊசலாடுகின்றன. இத்தகைய வண்டிக்கு என்ஜின் கிடையாது. முதல் மேட்டின் உச்சி வரை ஒரு சங்கிலி அதை இழுத்துச் செல்கிறது. உச்சியில் சங்கிலி கைவிட்டபின், ஏறிய உயரமே வண்டியின் வேகமாக மாறி, எஞ்சிய வளைவுகள் அனைத்தையும் கடக்க வைக்கிறது. சங்கிலி இழுக்கும்போது கேட்கும் ‘டக் டக்’ ஓசை, வண்டி பின்னோக்கிச் சரிந்துவிடாதபடி இரும்பு நாக்கு ஒன்று பற்களில் விழுந்து விழுந்து எழும்பும் ஓசையாகும். பாதுகாப்புக்காகப் பொருத்தப்பட்ட கருவியின் ஓசையே, ஏறுவோரின் நெஞ்சில் அச்சத்தின் முதல் ஓசையாகவும் ஒலிக்கிறது.

முதியோர் இவற்றில் ஏறலாகாது என்போர் காட்டும் காரணங்கள் அனைத்தும் பொய்யல்ல. உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன; அவற்றை அடுத்த இரு பைகளில் உள்ள செவிக்கற்கள் எனப்படும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் உணர்கின்றன. வயது ஏற ஏற அப்படிகங்கள் இடம் பெயர்ந்து, படுக்கையில் புரண்டாலே உலகம் சுற்றுவது போன்ற தலைச்சுற்றலை உண்டாக்குவது பெருகுகிறது. எலும்பின் அடர்த்தி குறைகிறது. இரத்த அழுத்தமும் இதய நோயும் பலரிடம் குடியேறுகின்றன. இக்குறைகள் உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று ராட்டினத்தின் வாயிலில் தொங்கும் பலகையை இப்பத்தி முழு மனத்தோடு ஏற்கிறது. எனினும் அப்பலகையைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது இதயத்தைக் கேட்கிறது, முதுகெலும்பைக் கேட்கிறது, கர்ப்பத்தைக் கேட்கிறது; அதன் அருகில் நிற்கும் அளவுகோலோ, தோளை அழுத்திப் பிடிக்கும் பூட்டு உடலுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக உயரத்தைக் கேட்கிறது. நம் ஊர்ப் பூங்காக்களில் பெரும்பாலும் பிறந்த ஆண்டைக் கேட்பவர்கள் வீட்டு மனிதர்களே. ஜப்பானில் சில பூங்காக்கள் மேல்வயது வரம்பு விதிப்பது உண்மைதான்; ஆனால் இங்கிலாந்தில் ஜாக் ரெனால்ட்ஸ் என்பவர் 2017இல் தம் 105ஆம் பிறந்த நாளை ஃபிளமிங்கோ லேண்ட் பூங்காவின் ரோலர் கோஸ்டர் ஒன்றில் ஏறிக் கொண்டாடி, ரோலர் கோஸ்டரில் ஏறிய மிக மூத்தவர் என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றார் என்பதும் உண்மை. அவரை யாரும் பைக்குக் காவல் வைக்கவில்லை.

ரோலர் கோஸ்டரைப் பற்றிச் சொல்ல இன்னும் எவ்வளவோ உண்டு. ஆனால் அச்சம் காது வழியே நுழைகிறது என்னும் எண்ணம் எழுந்த இடத்திலேயே இப்பத்தி தன் வழக்கமான நூலின் பக்கம் திரும்பிவிடுகிறது. மலைபடுகடாம் இங்கே அடிக்கடி வருவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்வர் என்னும் நம்பிக்கை உண்டு. பத்துப்பாட்டுள் பத்தாவதாக அமைந்து, 583 அடிகளில் பெருங்கௌசிகனார் பாடிய இந்நூல், பரிசில் பெற்று மீளும் கூத்தர், எதிரே வரும் கூத்தர்க்கு நன்னன் சேய் நன்னனின் நாட்டுக்கு வழி சொல்வதாக அமைந்தது. ஆகவே இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். மலையை யானையாக உருவகித்து, மலையில் எழும் ஓசைகளை அதன் மதமாகக் கண்ட நூல் இது. அருவியின் ஓசை, விலங்கின் ஓசை, உழைக்கும் மக்களின் ஓசை என்று அடுக்கிக்கொண்டே செல்லும் அப்பகுதியைப் போல் ஒரு நிலத்தைச் செவியால் மட்டுமே வரைந்து காட்டிய பகுதி தமிழில் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை. அந்நூல் பேசும் நவிரமலை, போளூருக்குத் தென்மேற்கே கலசபாக்கம் வட்டத்தில் நிற்கும் பர்வதமலையே என்பது அறிஞர் பலரின் முடிவு. 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பின்னரே பலர் அறிந்த அப்பெயர், அம்மலையின் அடிவாரத்தில் வாழ்வோர் நாவில் இன்றும் பெரிதாகப் புழங்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அந்நூலின் வழிகாட்டி, பாதையின் இடர்களை மறைப்பதில்லை. காட்டுப் பன்றிக்காக வைத்த பொறிகள் இருக்கும், ஆகவே விடிந்த பின் செல்லுங்கள் என்கிறான். யானையை விரட்டக் கானவர் கவணில் எறியும் கற்கள் வரும், மரத்தின் பின் ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறான். வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொண்டு நடங்கள் என்கிறான். போகாதீர்கள் என்று மட்டும் அவன் சொல்வதே இல்லை. இடரை உள்ளவாறு சொல்லி, அதைக் கடக்கும் முறையையும் சொல்லி, முடிவை நடப்பவரிடம் விட்டுவிடும் இப்பண்பே அந்நூலின் பேரழகு. ராட்டினத்தின் வாயிலில் தொங்கும் பலகை ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் அதுவும் ஓர் ஆற்றுப்படைதான்.

இவ்வளவும் சொல்லக் காரணம் உண்டு. சுமார் 4,560 அடி உயரம் கொண்ட பர்வதமலையின் உச்சியில் மல்லிகார்ச்சுனரும் பிரமராம்பிகையும் எழுந்தருளியுள்ள கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் பெருந்திரள் ஏறுகிறது. கடலாடி வழியாகவும் தென்மகாதேவமங்கலம் வழியாகவும் செல்லும் பாதைகள் காட்டையும் பாறையையும் கடந்த பின், செங்குத்தான கடைசிப் பகுதியில் கடப்பாறைப் படி எனப்படும் இடம் வருகிறது. பாறையில் துளையிட்டு இரும்புக் கடப்பாறைகளை நட்டு, அவற்றைப் பிடித்தும் மிதித்தும் ஏறும்படி அமைத்த வழி அது. பக்கத்தில் சங்கிலி தொங்குகிறது. அதற்கு மேல் ஏணிப்படிகளும் உண்டு. கைபட்டுக் கைபட்டு மெருகேறிய இரும்பு நிலவொளியில் மின்னும். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கை சங்கிலியிலும் மறு கை கடப்பாறையிலுமாக, வெறுங்காலின் பெருவிரலால் அடுத்த பிடியைத் தேடித் தடவியபடி ஏறும் 65, 70 வயதுப் பெண்களை அங்கே எந்தப் பௌர்ணமியிலும் காணலாம். மேலே செல்பவரின் கால் நகர்ந்தால்தான் கீழே உள்ளவரின் கை நகர முடியும் என்பதால் இடையில் நின்றுவிட நேரும். அப்போது அவர்களுக்குப் பின்னால் வெறும் காற்றும், வெகு கீழே ஊர்களின் விளக்குகளும் மட்டுமே உள்ளன. உச்சியை அடைந்ததும் அம்முகங்களில் தெரியும் ஒளியைப் பக்தியின் ஒளி என்று மட்டும் சொல்வது முழு உண்மையாகாது. அச்சத்தைத் தன் உடலால் கடந்துவிட்ட ஒருவரின் பூரிப்பும் அதில் கலந்திருக்கிறது. அடிவாரத்துக்கு இறங்கிய பிறகு அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் இது விளங்கும். சாமியைக் கண்டதை ஒரு வரியில் சொல்லி முடிப்பவர்கள், கடப்பாறையில் கால் வழுக்கியதை வீட்டுக்கு வரும் வரை சொல்லிக்கொண்டே வருகின்றனர். இப்படிச் சொல்வது பக்தியைக் குறைப்பதாகாது. மலையுச்சியில் கோயிலை வைத்தவர்கள், ஏறும் வழியின் நடுக்கத்தையும் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே எண்ணியிருக்க வேண்டும்.

போளூர், ஆரணி, செய்யாறு வட்டாரங்களின் பாரதக் கூத்திலும் இதே உணர்வு வேறு வடிவில் வருகிறது. திரௌபதியம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நாளன்று, நெடிய மரம் ஒன்றை நட்டு, அதில் படிகளும் உச்சியில் சிறு பரணும் கட்டுகின்றனர். சிவனிடம் பாசுபதம் வேண்டித் தவம் செய்யச் செல்லும் அர்ச்சுனனாக வேடமிட்ட கூத்தர், படிக்குப் படி நின்று பாடியபடியே உச்சி வரை ஏறி, அங்கிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் திருநீறும் எறிகிறார். இடுப்பில் கயிறோ தோளில் பூட்டோ இல்லாமல், கனத்த வேடத்தோடும் முடியோடும் ஏறும் அவர் பல ஆண்டு அனுபவம் உள்ளவராகவே இருப்பார். இளைஞரிடம் அவ்வேடத்தை எளிதில் கொடுத்துவிடுவதில்லை. மலைபடுகடாத்தின் கூத்தர் மலையேறினர், அவர்தம் வழிவந்தோர் மரமேறுகின்றனர். அங்கே வயது தகுதியாகக் கருதப்படுகிறது. பூங்காவில் மட்டும் அது தகுதிக் குறைவாக மாறிவிடுவது ஏன் என்பதே இப்பத்தியின் கேள்வி.

இரும்பு ஏணியில், ஒருவர் கால் தவறினால் மற்றவரும் சரியக் கூடிய மலையில், மூச்சுத் திணறி மயங்கி விழுந்தோர் பற்றிய செய்திகள் அவ்வப்போது வந்துகொண்டிருந்தும், ஏறும் ஆயாவை எந்தக் குடும்பமும் தடுப்பதில்லை; ‘நேர்ந்துகிட்டா, போவட்டும்’ என்கிறது. தோளையும் இடுப்பையும் எஃகு பூட்டிப் பிடிக்கும், நாள்தோறும் காலையில் ஆளில்லாமல் ஓட்டிச் சோதித்த பின்னரே திறக்கப்பட வேண்டிய, சில நிமிடங்களில் முடிந்துவிடும் ராட்டினத்தை நோக்கி அவர் தலையைத் திருப்பினால் மட்டும் ‘இந்த வயசுல எதுக்கு’ என்கிறது. அச்சத்தைச் சுவைக்கும் விருப்பம் இளமையோடு கழன்று விழுந்துவிடுவதில்லை என்பதற்குக் கடப்பாறைப் படியே சான்று. நேர்த்திக்கடன் என்னும் பெயர் கிடைத்தால் அவ்விருப்பம் மதிக்கப்படுகிறது, மகிழ்ச்சி என்னும் பெயர் வந்தால் வெட்கத்துக்குரியதாகிவிடுகிறது. முதியவர்கள் தாமாக வாய்திறந்து கேட்கமாட்டார்கள். பேரப்பிள்ளை கொலம்பஸ் என்னும் கப்பல் ஊஞ்சலில் ஏறி ஊசலாடும்போது, கீழே அமர்ந்திருப்பவரின் பாதங்கள் மணலை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்ப்போர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். போளூர்ப் பக்கத்துத் திருவிழாத் திடல்களில், தொட்டி ராட்டினத்தின் உச்சித் தொட்டி நிற்கும் இடத்தை அண்ணாந்து பார்த்தபடியே கடலையை உரித்துக்கொண்டிருக்கும் முதியவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே இவ்விடுமுறைக்கு வேன் பேசியுள்ள வாசகர்களிடம் இப்பத்தி வேண்டுவது இதுதான். உடன் வரும் பெரியவரின் இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் முதுகெலும்பையும் பற்றி அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் முன்னரே கேட்டு வையுங்கள். மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் தடையில்லை என்றால், வரிசையில் நிற்கப் போகும் முன் பெரியவரிடம் "நீயும் வர்றியா?" என்று ஒரு முறை கேளுங்கள், மறுத்தால், சற்றுப் பொறுத்து, மற்றொரு ராட்டினத்தின் அருகில் இன்னொரு முறையும் கேளுங்கள். பைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். பூங்காக்களில் அவற்றை வைத்துப் பூட்டிக்கொள்ள வாடகைப் பெட்டகங்கள் உள்ளன.