அடித்தால் நாய் என்ன கற்றுக்கொள்ளும்?

எதிர்வீட்டு நண்பர் போன மாதம் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினார். பேரனின் பிடிவாதம். வந்தபோது அதற்கு 50 நாள்தான். திங்கட்கிழமை காலை அந்த வீட்டிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். ஹாலில் ஈரம். நண்பர் ஒரு கையில் சுருட்டிய பேப்பர். இன்னொரு கையால் குட்டியின் கழுத்தைப் பிடித்து, அதன் மூக்கை ஈரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் இதே கூத்து சார். அடுத்த ஞாயிறு வரைக்கும் பார்ப்பேன். திருந்தலேன்னா பைபாஸ் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவேன்" என்றார்.

மறுநாள் காலை நடை நண்பர்களிடம் இதைச் சொன்னேன். ஆறு பேரில் நான்கு பேர், "அடிக்காம எப்படி சார் வழிக்கு வரும்?" என்றார்கள். அந்த நான்கு பேருக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாகவே இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். 1987-ல் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது மணி என்று ஒரு நாட்டுக்குட்டி வளர்த்தேன். அப்போது நான் கூட்ஸ் கார்டு. டூட்டி முடித்து விடிகாலையில் வீட்டுக்கு வந்தால் சமையலறை வாசலில் குளம் கட்டியிருக்கும். தூக்கக் கலக்கம் வேறு. பெல்ட்டைக் கழற்றி இரண்டு வைப்பேன். ஒரே வாரத்தில் குளம் நின்றுவிட்டது. "பார்த்தியா, படிச்சுக்கிட்டான்" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். நாலைந்து நாள் கழித்து, எங்கிருந்தோ நாற்றம் வருகிறதே என்று கட்டிலை நகர்த்தினால், அத்தனையும் அங்கே இருந்தது.

வெளியே கூட்டிப்போனாலும் அரை மணி நேரம் என்னோடு சுற்றும். ஒன்றும் போகாது. வீட்டுக்குள் வந்து சங்கிலியை அவிழ்த்ததும் நேரே கட்டிலுக்கு அடியில் ஓடும். திமிர் என்று நினைத்து மறுபடியும் அடித்தேன். எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. 'வீட்டுக்குள் போகக்கூடாது' என்று மணி கற்கவே இல்லை. 'இந்த ஆள் கண்ணெதிரே போகக்கூடாது' என்றுதான் கற்றிருந்தது. நான் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான். கடைசியில் கூட வேலை பார்த்த ஒருவரின் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். 'திருந்தாத நாய்' என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

"தப்பு பண்ணது அதுக்கே தெரியும் சார். நம்மைப் பார்த்ததும் காதை மடக்கிக்கிட்டுப் பதுங்குதே!" என்பார்கள். அது குற்ற உணர்ச்சி இல்லை. பயம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் இதைச் சோதித்து எழுதினார். தின்பண்டத்தைத் தொடாத நாய்களையும், 'உங்கள் நாய் தின்றுவிட்டது' என்று வளர்ப்பவர்களிடம் சொல்லித் திட்டவைத்தார். பாவம், ஒன்றுமே செய்யாத நாய்களும் அதே திருட்டு முழி முழித்தன. அந்த முழியை வரவழைத்தது திட்டுதான். ராத்திரி இரண்டு மணிக்குப் போனதற்குக் காலை ஆறு மணிக்கு அடித்தால், எதற்கு அடி என்று குட்டிக்கு எப்படித் தெரியும்?

"எங்க கிராமத்துல நாய்க்கு யார் சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்பவர்களும் உண்டு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வாஸ்தவம். கிராமத்து நாய் வீட்டுக்குள் வந்ததே இல்லையே! வாசலோடு சரி. டைல்ஸ் தரை, பூட்டிய கதவு, மாடி வீடு என்று வந்த பிறகு அந்த அனுபவம் செல்லாது.

ரயிலுக்கு டைம்டேபிள் மாதிரி குட்டிக்கும் ஒரு டைம்டேபிள் உண்டு. தூங்கி எழுந்ததும் வரும். சாப்பிட்டதும் வரும். விளையாடி முடித்ததும் வரும். இந்த வயதுக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. அது ஒழுக்கக்கேடு இல்லை, மூத்திரப்பை இன்னும் வளரவில்லை. சர்க்கரையும் பிராஸ்டேட்டும் வைத்துக்கொண்டு ராத்திரி மூன்று முறை எழுந்து போகும் நமக்குமா இது புரியாது?

செய்யவேண்டியது இவ்வளவுதான். அந்தந்த நேரத்தில் தினமும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். பேசாமல் நில்லுங்கள். போய் முடித்த அந்த நிமிஷமே, அங்கேயே, ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்துத் தட்டிக்கொடுங்கள். வீட்டுக்கு வந்து கொடுத்தால் பயனில்லை. ராத்திரியும் ஒரு முறை எழுந்து கூட்டிப்போகத்தான் வேண்டும். உள்ளே போய்விட்டால் வாயைத் திறக்காமல் துடையுங்கள். வாடை துளி இருந்தாலும் அதே இடத்தைத் தேடி வரும். அம்மோனியா கலந்த திரவத்தால் மட்டும் துடைக்காதீர்கள். அதன் நெடியே மூத்திர நெடி மாதிரிதான்.

விலங்குகளை அடிப்பதும், பட்டினி கிடக்கும்படி எங்கோ கொண்டுபோய் விடுவதும் 1960-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அந்தச் சட்டத்தில் போட்ட அபராதம் என்ன தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆகவே சட்டத்துக்குப் பயந்து யாரும் நிறுத்தப்போவதில்லை. நாமாகத்தான் நிறுத்த வேண்டும். முடியாதவர்கள் குட்டி வாங்காதீர்கள். பேரனுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

நண்பரிடம் பத்து நாள் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். காலை ஐந்தரைக்கு நானும் கூடப் போகிறேன். இன்று நான்காம் நாள். நேற்று வேப்பமரத்தடியில் குட்டி போனது. பிஸ்கட்டை அவர் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். நாளை முதல் என் சட்டைப் பையிலும் ஒன்று இருக்கும்.